எம்பிஏ: கல்லூரி இணையதளத்தில் "நோக்கம், வரலாறு, நிர்வாகம்" பகுதியைப் படிப்பதில் பிரயோஜனம் உண்டா?

கோத்தகிரிப் பெண் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம் முடித்து எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட் எழுதியிருக்கிறேன். அப்பா சிறு தேயிலை விவசாயி, கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினர். பச்சை இலைக்கு இந்த மாதம் என்ன விலை வரும் என்பதுதான் எங்கள் வீட்டில் பட்ஜெட்டே. படித்துவிட்டு தேயிலை அல்லது கூட்டுறவு சார்ந்த வேலைக்குப் போகணும் என்று ஆசை.

பார்த்து வைத்திருப்பது மூன்று இடம். ஒன்று பல்கலைக்கழகத்தின் சொந்த மேலாண்மைத் துறை, ஒன்று இணைப்புக் கல்லூரி, இன்னொன்று பிஜிடிஎம் (முதுகலை மேலாண்மைப் பட்டயம்) தரும் தனி நிறுவனம். மூன்றின் இணையதளத்திலும் "நோக்கம்" என்று ஒரு பத்தி, உலகத் தரம், புத்தாக்கம், சமூகப் பொறுப்புள்ள தலைவர்கள் என்று. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. அப்புறம் நிறுவனர் படத்தோடு வரலாறு, அதற்குக் கீழே கட்டம் கட்டமாக நிர்வாக அமைப்பு. இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கணுமா, இல்லை வேலைவாய்ப்பு விவரம் மட்டும் பார்த்தால் போதுமா? மாமா ஒருத்தர் "கட்டடத்தைப் பார்த்துச் சேரு" என்கிறார்.

குன்னூர் வாத்தியார்

மாமாவுக்கு என் வணக்கம்!

அந்த நோக்கம் பத்தியை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தள்ளி வைம்மா. தரமதிப்பீட்டுக் குழு கேட்கிறது என்று எழுதி வைப்பதுதான் பெரும்பாலும். நீ நிதானமாகப் படிக்க வேண்டியது அந்தக் கட்டம் கட்டமான படத்தை. பாடத்திட்டம் யார் போடுகிறார்கள், தேர்வு யார் நடத்துகிறார்கள், பட்டத்தில் யார் பெயர் இருக்கும், ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள், இந்த நாலுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகத் துறை என்றால் மேலே சிண்டிகேட், செனட் என்ற நிர்வாகக் குழுக்கள், பாடத்திட்டக் குழு எல்லாம் உண்டு, ஆனால் பாடம் எடுப்பவரே பாடத்திட்டத்தில் கை வைக்கலாம். துறைத்தலைவர் பதவி பல இடங்களில் சுழற்சியில் வரும். செலவுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு நகரணும், அதனால் எதுவும் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் கட்டணம் குறைவு. இணைப்புக் கல்லூரி என்றால் பாடமும் தேர்வும் பல்கலைக்கழகம் அனுப்புவது. நம் நீலகிரிக் கல்லூரிகளுக்கு கோவை பாரதியார் பல்கலைக்கழகம் மாதிரி. அது முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக இருந்து 1982ல் தனிப் பல்கலைக்கழகமானது. அதே இணைப்புக் கல்லூரி தன்னாட்சி பெற்றிருந்தால் பாடமும் தேர்வும் கல்லூரியுடையது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. ஒரே எம்பிஏ என்றாலும் இந்த மூன்றும் ஒன்றல்ல.

பிஜிடிஎம் என்றவுடனே மட்டம் என்று நினைக்காதே. இந்திய மேலாண்மை நிறுவனங்களான ஐஐஎம்கள் 1961லிருந்து பட்டயம்தான் கொடுத்தன, 2017 சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம். ஆனால் பின்னால் பிஎச்டி, அரசு வேலை என்று ஏதாவது யோசனை இருந்தால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்று அந்தப் பட்டயத்துக்கு உண்டா என்று கேட்டுக்கொள்.

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இல்லையே என்று பல்கலைக்கழகத் துறையைப் பார்த்து யாராவது பயமுறுத்தினால், 2001ல் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டு. தொழில்நுட்பப் படிப்பு தொடங்கப் பல்கலைக்கழகம் அவர்களிடம் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை, தர விதிகளை மட்டும் மீறக்கூடாது என்றார்கள். இணைப்புக் கல்லூரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏலக்கடை

வாத்தியார் சொன்னது சரி, ஆனால் வரலாற்றை விட்டுவிட்டார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. யார் காசு போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று பாருங்கள், நோக்கம் தானாகவே தெரிந்துவிடும்.

1881ல் ஜோசப் வார்ட்டன் என்ற உலோகத் தொழிலதிபர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஆரம்பித்ததுதான் வார்ட்டன் வணிகப் பள்ளி. கடையிலும் ஆலையிலும் கூடவே நின்று கற்றுக்கொண்ட தொழிலைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவரணும் என்பது அவர் எண்ணம். ஹார்வர்டு 1908ல் எம்பிஏ பட்டத்தோடு வந்தது. ஐஐஎம் அகமதாபாத் அந்த ஹார்வர்டோடு கைகோத்துதான் தொடங்கியது, அதனால்தான் இன்றைக்கும் அங்கே கேஸ் ஸ்டடி இல்லாமல் வகுப்பு நகராது. ஐஐஎம் கல்கத்தா அமெரிக்காவின் எம்ஐடியோடு சேர்ந்தது, அங்கே கணக்குப் பக்கம் சாய்வு அதிகம். நம் பக்கம் என்றால் திருச்சி பிம் (பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்), 1984. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பள்ளிதான், ஆனால் தன்னாட்சியோடு பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) வளாகத்துக்குள் வளர்ந்தது. பக்கத்திலேயே தொழிற்சாலை இருக்கிற வணிகப் பள்ளிக்கும் பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு மூலையில் இருக்கிற துறைக்கும் வித்தியாசம் இருக்காதா?

உங்களுக்குத் தேயிலை, கூட்டுறவு என்றால் பார்வையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். பெங்களூரில் இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, 1993ல் மத்திய வணிக அமைச்சகம் தோட்டப் பயிர்களுக்கென்றே ஏற்படுத்தியது. குஜராத் ஆனந்தில் அமுல் வர்கீஸ் குரியன் 1979ல் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மை நிறுவனம், பால் கூட்டுறவுகளுக்குப் படித்த மேலாளர்கள் வேண்டும் என்பதற்காகவே வந்தது. 2025ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. இன்ட்கோசர்வ் (கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையம்) தொழிற்சாலையில் இலை போடுகிற வீட்டுப் பெண்ணுக்கு இந்த இரண்டின் பாடப் பட்டியலும் கதை மாதிரி ஓடும்.

நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். "தொழில்துறையோடு நெருங்கிய உறவு" என்று சுவரில் பித்தளை எழுத்தில் இருந்தது. இரண்டாம் ஆண்டு புராஜெக்ட் என்றால் சீனியர் செய்த "வாடிக்கையாளர் திருப்தி" அறிக்கையில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி, கேட் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டுக் கொடுப்போம். கடைக்காரரிடமே பழைய கோப்புகள் இருக்கும், "ஷாம்பூவா, பைக்கா?" என்று கேட்பார். குன்னூர் தேயிலை ஏலத்தில் டஸ்ட் ரகத்துக்கு ஏன் ஒரு விலை, லீஃபுக்கு ஏன் வேறு விலை என்று வேலைக்கு வந்துதான் கற்றேன்.

கொடைக்காரி

இரண்டு பேரும் நோக்கத்தை ரொம்பத்தான் மட்டம் தட்டுகிறீர்கள். எங்கள் கொடைக்கானல் மலையில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984ல் பெண்களுக்கென்றே வந்தது. அதை எந்தப் பத்தியிலும் தேட வேண்டாம், பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. பெண்ணைக் கீழே அனுப்ப மாட்டேன் என்று நின்ற எத்தனையோ வீடுகளில் அது ஒன்றுதான் பேச்சை முடித்தது. நோக்கம் என்று ஒன்று இருந்தால் அது யாரைச் சேர்க்கிறார்கள் என்பதில் தெரியும், சகோதரி. சீட் கணக்கையும் விடுதிக் கட்டணத்தையும் முதலில் பாருங்கள்.

கோத்தகிரிப் பெண்

ரொம்ப நன்றி. இர்மா பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்பாவிடம் குஜராத் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது, பெங்களூர் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். அது இருக்கட்டும், வாத்தியார் சார், பல்கலைக்கழகத் துறையில் ஆசிரியர் பட்டியலில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர் என்று இருக்கிறதே, அது மோசமா?

குன்னூர் வாத்தியார்

ஆள் மோசம் இல்லை, நிலைமைதான் மோசம். நன்றாகப் பாடம் எடுப்பவர் அவர்களில் நிறைய பேர். ஆனால் அடுத்த வருஷம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது, உன் புராஜெக்ட்டுக்கு வழிகாட்டியாகப் போட்டுவிட்டு நடுவில் போய்விட்டால் நீதான் அலையணும். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பிரிவு என்று எண்ணிப் பார். நிதிக்கு மூன்று பேர், மார்க்கெட்டிங்குக்கு ஒருவரும் இல்லை என்றால் விருப்பப் பாடப் பட்டியலில் என்ன அச்சடித்திருந்தாலும் நிதிதான் நடக்கும். கவுன்சலிங்குக்கு முன்னாடியே ஒரு நாள் நேரில் போய், இரண்டாம் ஆண்டு பிள்ளைகளிடம் போன பருவத்தில் எந்த விருப்பப் பாடம் உண்மையில் நடந்தது என்று கேள். அலுவலகத்தில் கேட்காதே, கேன்டீனில் கேள்.