புதுப்பிப்பு: பைக் அலாரம் தொல்லைக்குக் காரணம் கிடைச்சிருச்சு

வெளியே வாங்கி மாட்டின அலாரம் ராத்திரியில தானா அலறுது, நாலு நாள் வண்டி எடுக்கலேன்னா செல்ஃப் அடிக்க மாட்டேங்குது, ரிமோட்டும் கிட்டப் போனாத்தான் வேலை செய்யுதுன்னு போன வாரம் எழுதியிருந்தேன்.

ரிமோட் கதை சின்னது. உள்ளே இருந்த 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர்ல (வோல்ட், கரண்ட் அளக்கிற கருவி) 9 தான் காட்டுச்சு. புதுசு போட்டதும் மாடியிலிருந்தே லாக் ஆகுது.

வண்டி பேட்டரி இறங்கினதுதான் பெரிய விஷயம். மெக்கானிக் அண்ணன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவுல மீட்டரை வெச்சார். சாவி ஆஃப்ல இருக்கும்போதே 45 மில்லி ஆம்பியர் ஓடுது! ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டா 1 ஆம்பியர்-ஹவருக்கு (Ah, பேட்டரி கொள்ளளவைச் சொல்ற அளவு) மேல. என் பேட்டரியே மொத்தம் 5 Ah தான், நாலு நாள் தாங்கினதே அதிசயம். அலாரம் ஃபியூஸைப் பிடுங்கினதும் 1 மில்லி ஆம்பியருக்குக் கீழ வந்துருச்சு. பெட்டியைப் பிரிச்சா, மழைத்தண்ணி இறங்கி போர்டு ஓரமெல்லாம் பச்சை பூத்திருக்கு. தானா அலறினதும் அதனாலதான்னு நினைக்கிறேன்.

வேற பெட்டி மாட்டி, சீட்டுக்கு அடியில தண்ணி படாத இடமாப் பார்த்து வெச்சாச்சு. ஆறு நாளாச்சு, ஒரே அமுக்குல ஸ்டார்ட் ஆகுது.

நீங்களும் இப்படிச் சோதிச்சா, மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிச்சிராதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிரும்.