கொலுசுத் தெருவும் மிளகு மூட்டையும்: சேலம் நம் பிழைப்புக்கு என்ன செய்தது? (அனுபவப் பகிர்வு)

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர்:

நாடு முன்னேற நகரங்கள் எதற்கு என்று பேச்சு வந்தாலே எல்லோரும் சென்னையையும் பெங்களூரையும்தான் காட்டுகிறார்கள். நான் வெள்ளிக் கொலுசு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அந்தக் கேள்விக்குச் சேலத்துச் சந்துகளில் இதைவிடத் தெளிவான பதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு ஜோடி கொலுசு எத்தனை கை மாறி வருகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வியாபாரி வெள்ளிக் கட்டியை நிறுத்துக் கொடுப்பார், எடை நோட்டில் ஏறும். உருக்கிக் கம்பி இழுப்பது ஒரு பட்டறை. கம்பியை வளையமாக்கிக் கோர்ப்பது வேறொரு வீடு. வளையங்களைப் பொடி வைத்துச் சூடுகாட்டி ஒட்டுகிறவர், அதாவது பற்று வைப்பவர், அடுத்த தெருவில் இருப்பார். சலங்கை செய்கிறவருக்கு முழுக் கொலுசு செய்யத் தெரிய வேண்டியதில்லை. மெருகு போட இன்னொரு இடம். ஒவ்வொரு கை மாறும்போதும் தராசு வரும், சேதாரம் எவ்வளவு என்று அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தரத்தில் சந்தேகம் வந்தால் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்க்கிற கடை பக்கத்திலேயே இருக்கிறது. பட்டறையில் கூட்டிய மண்ணைக்கூட விலை பேசி வாங்கிப் போக ஆள் வரும், அதில் வெள்ளித் தூள் கலந்திருக்கும் அல்லவா.

சேலம் சிவதாபுரத்தில் பற்று வைக்கிற ஒரு அக்காவிடம் கேட்டேன். "ஏங்க்கா, இதே வேலையை உங்க சொந்த ஊர்லயே செஞ்சா வாடகை மிச்சமாகுமே?"

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அங்க யாரு தம்பி எனக்கு வெள்ளி குடுப்பா? இங்க ஒருத்தர் வேலை குடுக்கலன்னா இன்னொருத்தர்ட்ட போவேன். பர்னர் அடைச்சுக்கிட்டா சரி பண்ற ஆளு மூணாவது வீட்டுல இருக்காரு."

ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளாதார அறிஞர் 1890-லேயே இதைத்தான் விளக்கினார். ஒரே தொழில் ஓரிடத்தில் கூடினால் வேலை தெரிந்தவர்கள் அங்கே வந்து சேர்வார்கள், அந்தத் தொழிலுக்குத் துணையாக இருக்கும் சின்னத் தொழில்கள் சுற்றிலும் முளைக்கும், தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகப் பரவும் என்றார். முதல் இரண்டையும் அந்த அக்கா இரண்டே பேச்சில் சொல்லிவிட்டார். மூன்றாவதற்கு நானே சாட்சி, புது டிசைன் ஒன்று வந்தால் தெருவே அதைக் கற்றுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பெரிய ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய உருக்காலை இந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது. ஆனால் பத்தாவது தாண்டாத பிள்ளைகளும், கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களும் அந்த வாசலுக்குள் போக முடியுமா? கையில் முதல் இல்லாதவரும் ஒரு துண்டு வேலையைப் பிடித்துக்கொண்டு தொழிலுக்குள் நுழைய இந்தச் சந்துகளில்தான் வழி இருக்கிறது.

மனசு கனக்கிற விஷயம் ஒன்றும் உண்டு. 2020 ஊரடங்கில் பட்டறைகள் மூடியபோது இவர்கள் யாருக்கும் தாங்கள் ஒரு தொழில் செய்கிறோம் என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. ஊரையே தாங்குகிற தொழிலில் இருந்தும், கடன் கேட்டு வங்கிப் படி ஏற முடியவில்லை. இன்னும் பல வீடுகளில் அதே நிலைதான்.

நாகலூர்ப் பெண்:

அண்ணா, "இன்னொருத்தர்ட்ட போவேன்" என்று அந்த அக்கா சொன்னதிலேயே எனக்கு எல்லாம் அடங்கிவிட்டது.

என் அம்மா ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலைதான். எங்கள் பக்கம் வேலை தர ஒரே ஒரு தோட்டம். குடியிருந்த லைன் வீடும் அந்தத் தோட்டத்துக்கே சொந்தம். கூலி போதாது என்று வாயைத் திறந்தால் வீட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பழம் பறிக்கும் பருவம் முடிந்தால் வேலையும் குறைந்துவிடும்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். காலையிலிருந்து கடை மூடும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. கால் வீங்கிப்போய் ராத்திரி சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்போம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்தது. வந்த பிறகும் எங்கள் கடைக்கு ஸ்டூல் வரவில்லை. நான் சாயங்கால வகுப்பில் டேலி என்ற கணினிக் கணக்கு வேலையைக் கற்றுக்கொண்டு, அதே ரோட்டிலேயே வேறு கடையில் பில் போடும் வேலைக்கு மாறிவிட்டேன். மலையில் இருந்திருந்தால் எங்கே மாறியிருப்பேன்? இன்னொரு கதவு இருப்பதுதான் கூலிக்காரருக்கு நகரம் தருகிற பெரிய சொத்து.

போன சீசனில் ஊரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எங்கள் மலையின் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். காலடியில் மிளகு மூட்டை, அதன் வாசனை பஸ் முழுக்க. "மேலயே வாங்கிக்கிறாங்களே தாத்தா, எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றீங்க?" என்றேன். "ஏற்காடு ஒண்டிக்கடையில ஒருத்தன் ஒரு விலை சொன்னான் கண்ணு. சேலம் லீ பஜார்ல நாலு கடை ஏறி எறங்குனாத்தான் நம்ம மிளகு என்ன பெறும்னு நமக்கே தெரியும்" என்றார். பஸ் நின்றதும் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார், வீட்டிலேயே சலங்கை கோர்க்கிறார். அண்ணா, அவரைப் போன்றவர்களுக்குக் காகிதம் வாங்க ஏதாவது வழி இருக்கிறதா?

உத்தமசோழபுரம் விவசாயி:

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நானும் சேலத்தால் பிழைத்தவன்தான். எங்கள் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, ஜவ்வரிசி ஆலையில் பாயிண்ட் பார்த்து எடுப்பார்கள். பாயிண்ட் என்பது மாவுச்சத்தின் அளவு, அது கூடினால் விலை கூடும். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தபின் ஜவ்வரிசியைச் சேலத்தில் டெண்டர் வைத்து விற்க ஒரு பொது இடம் கிடைத்தது. மராட்டியத்திலும் குஜராத்திலும் விரத நாளில் சாப்பிடுகிற ஜவ்வரிசிக்கு இங்கே விலை முடிவாகிறது. கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வடக்கத்தி வியாபாரியை நாங்கள் பிடித்திருக்க முடியுமா?

ஆனால் திருமணிமுத்தாற்றையும் கணக்கில் எழுதுங்கள். சேர்வராயன் மலையில் பிறக்கிற ஆறு அது. சேலத்துக்குள் புகுந்து எங்கள் ஊருக்கு வரும்போது சாக்கடையும் சாயத் தண்ணீரும் கலந்து நுரைத்துக்கொண்டு வருகிறது. என் அப்பா குளித்த ஆற்றில் நான் மாட்டைக்கூட இறக்குவதில்லை. கிணற்றுத் தண்ணீரின் ருசியே மாறிவிட்டது. நகரம் சம்பாதிக்கிறது, அதன் கழிவுக்கான செலவு எங்கள் வயலில் விழுகிறது. சாயப் பட்டறைக்காரர்களைத் திட்டிப் பயனில்லை, அவர்களில் பாதிப் பேர் சின்ன ஆட்கள். பத்துப் பட்டறைக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்று அரசு முன்னின்று கட்டி, அதை நிறுத்தாமல் ஓட்டினால் தொழிலும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர்:

ஐயா, நீங்கள் சொன்ன செலவு நான் எழுதுகிற எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. தொழில் செய்கிறவர்களோடு பேசும்போது இனி இதை நானே எடுத்துச் சொல்வேன்.

தங்கச்சி, வழி இருக்கிறது. சிறு தொழில்களுக்காக 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த உத்யம் பதிவை அம்மா பெயரில் ஆதாரும் பானும் வைத்து இணையத்தில் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பான் இல்லாத, ஜி.எஸ்.டி. தேவைப்படாத சின்னத் தொழிலுக்கு 2023-இல் உத்யம் அசிஸ்ட் என்று தனியாக ஒன்று வந்திருக்கிறது, அதை வங்கி மூலமாகப் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சிறு தொழிலுக்குக் கடன் தருகிற முத்ரா திட்டத்தில், அதன் முதல் படியான சிசு கடன் கேளுங்கள். 50,000 ரூபாய் வரை அடமானம் வேண்டியதில்லை. அப்புறம், அம்மா வாங்குகிற கூலியை இன்றிலிருந்தே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் வங்கிக் கணக்கிலேயே வாங்கச் சொல்லுங்கள். வங்கியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.