ஆதார் படங்களை நீக்க ஆள் வேண்டும் – கொழிஞ்சாம்பாறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். உதவித்தொகைப் பட்டியலுக்கு என்று பலர் ஆதார் அட்டையை முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் படமாகப் போட்டிருக்கிறார்கள். எண்ணை மறைத்தவர்களும் க்யூஆர் கோடை விட்டுவிட்டார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. போன் ஹைலைட்டரில் தீட்டி மறைப்பதும் வீண், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும்.

ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் கிடைத்தால் ஏஇபிஎஸ் (ஆதாரையும் விரலையும் வைத்து வங்கிப் பணம் எடுக்கும் முறை) வழியாகப் பணம் எடுக்கலாம், ஓடிபி கேட்காது. பத்திர நகலில் உள்ள ரேகையைப் போலியாக வார்த்தும் எடுத்திருக்கிறார்கள். ஆகவே படத்தை நீக்கினால் மட்டும் போதாது, ஆதார் செயலியில் கைரேகை முதலான பயோமெட்ரிக்கையும் பூட்ட வேண்டும். சிக்கல் அங்கேதான்: பூட்டினால் ரேஷன் கடை இயந்திரம் விரலை ஏற்காது. கடைக்குப் போகும்முன் திறக்க, ஆதாரில் பதிந்த போன் எண் கையில் இருக்க வேண்டும். பலருக்கு அது எப்போதோ காலாவதியான தமிழ்நாட்டு சிம்!

ஞாயிறு காலை பெரியவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்துதர யார் வருவீர்கள்? ஓடிபியை அவர்களே அடிக்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம். போன் எண்ணை மாற்ற, கூட்டம் குறைந்த அக்ஷயா மையம் (கேரள அரசின் இ-சேவை மையம்) தெரிந்தாலும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஞாயிறுவரை காத்திராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே யாரும் அட்டைப் படம் போட்டுவிடாதீர்கள்.