கொள்ளுத்தாத்தாவின் அப்பா யார்? நான்கு வருடமாக இதே இடத்தில் நிற்கிறேன்

வணக்கம். அம்மாவின் அப்பா, அவருடைய அப்பா வரை ஆவணத்தோடு வந்துவிட்டேன். அதற்கு மேலே ஒரு படி ஏற முடியவில்லை.

கையில் இருப்பது மூன்று. 1894 திருமணப் பதிவில் கொள்ளுத்தாத்தாவின் வயது 24. 1911 கணக்கெடுப்பில் 45. 1938 இறப்புப் பதிவில் 75. பிறந்த ஆண்டு 1870-ஆ, 1866-ஆ, 1863-ஆ? அப்பா பெயர் இறப்புப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது. திருமணப் பதிவில் அந்தக் கட்டம் காலி. அந்தப் பெயரை வைத்து 1863-ஐ ஒட்டிய பிறப்புப் பதிவுகளை எல்லாம் புரட்டிவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. விவரம் தெரிந்த கடைசிப் பெரியவரும் போன வருடம் போய்விட்டார். எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
இறப்புப் பதிவில் தகவல் தந்தவர் யார் என்று பாருங்கள். இறந்த தேதி அவர் கண்ணால் கண்டது. பெற்றோர் பெயர் காதால் கேட்டது. மூன்றில் பிறப்புக்கு நெருக்கமானது திருமணப் பதிவு. வயதையும் அவரே சொல்லியிருப்பார். 45, 75 இரண்டுமே ஐந்தில் முடிவதைக் கவனித்தீர்களா? வயது சரியாகத் தெரியாதவர்கள் 0, 5 என்று முழுதாக்கிச் சொல்வது உலகெங்கும் உண்டு. அதை அளக்கவே மக்கள்தொகை ஆய்வில் விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. நான் என்றால் 1870-இலிருந்து தொடங்குவேன்.

பதில் 2:
அவரைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். கூட இருந்தவர்களைத் தேடுங்கள்: கூடப்பிறந்தவர்கள், திருமணச் சாட்சிகள், கணக்கெடுப்பில் அதே பக்கத்தில் இருக்கும் அக்கம்பக்கத்து வீட்டார். அவர் பதிவில் காலியாக இருக்கும் கட்டம் அண்ணன் பதிவில் நிரம்பியிருக்கும். என் பாட்டி வழியில் கதவு திறந்தது அப்படித்தான்.

கேட்டவர்:
தகவல் தந்தவர் மருமகன்! மாமனாரின் அப்பாவை அவர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. இன்னொன்று: திருமணச் சாட்சி ஒருவர் 1911-இல் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். 17 வருடம் கழித்தும்! கூடப்பிறந்தவராக இருப்பாரோ? இதே பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்.

பதில் 3:
அம்மாவுடன் பிறந்த மாமா இருக்கிறாரா? இருந்தால் டிஎன்ஏ சோதனைக்குக் கேட்டுப் பாருங்கள். கொள்ளுத்தாத்தாவின் ஒய் குரோமோசோம் (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் டிஎன்ஏ பகுதி) தந்தை வழியாக அவரிடம் ஏறக்குறைய மாறாமல் வந்திருக்கும். உங்களிடம் அது வராது. நீங்கள் தேடும் மனிதரின் டிஎன்ஏ உங்களிடம் சராசரியாக 6.25 சதவீதம், மாமாவிடம் அதுபோல இரண்டு மடங்கு. சோதனைக்கு முன், எதிர்பாராத உறவுகளும் வெளிவரலாம் என்பதை அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அது முக்கியம்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
சாட்சியின் திருமணப் பதிவு வந்தது. அப்பா பெயர் இருக்கிறது. நான் இத்தனை நாள் தேடியது அந்தப் பெயரை அல்ல. அதை வைத்துத் தேடினால், 1870-இல் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே ஓர் ஆண் குழந்தை! கை நடுங்கிவிட்டது. அந்தக் குழந்தை சிறுவயதில் இறந்துவிடவில்லை என்று இறப்புப் பதிவுகளில் பார்த்து முடிக்கும்வரை, குடும்ப மரத்தில் அந்த அப்பா பெயரைப் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன். மாமாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.