தினசரி எழுத்துக்கு பிரெப்பியா, ககுனோவா?

நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுத நான் பயன்படுத்தும் மைப்பேனா, சில மாதங்களாக, மூடி வைத்த ஓரிரு நாளிலேயே காய்ந்துவிடுவதால், மறுபடி எழுதத் தொடங்கினால் முதல் எழுத்தில் மை இறங்காமல் வெறும் கீறல்தான் தாளில் விழுகிறது. நிப்பையும், அதற்கு மையைக் கொண்டுவரும் நாக்கட்டையையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவினேன், மையை மாற்றினேன், மூடியில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். பலனில்லை.

ஆகவே விலை குறைந்த ஜப்பானியப் பேனாவுக்கு மாற எண்ணுகிறேன். பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பி பேனாவின் மூடிக்குள் சுருள்வில்லுடன் அமைந்த உள்மூடி, நிப்பை இறுக அடைத்து மை உலராமல் காக்கிறது என்பதே என்னை மிகவும் ஈர்க்கிறது. பைலட் ககுனோவில் முக்கோணப் பிடி உண்டு. என் கையெழுத்து பொடியானது. மெல்லிய கோடு விழும் 03 அல்லது எஃப் நிப்தான் வேண்டும்.

இவ்விரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்தியவர்களின் அனுபவத்தில், இடைவெளி விட்டு எடுத்தாலும் தடையின்றி எழுதுவது எது?