ஊட்டி உறைபனியில் கருகும் சோலைக் கன்றுகள்: வெட்டலாமா?

ஊட்டியில் ஓர் உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். படிப்பு முடித்து விடுதியை விட்டுப் போகிற பேட்ச், ஆளுக்கொரு மரம் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். நாங்கள் 42 பேரும் போன ஜூலை மழையில் நட்டோம். 30 நாவல் (ஊர் நாவல் இல்லை, மலைச் சோலைக்காட்டில் வளரும் வகை), மீதி காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான், அதுவும் மலை மரம்தான்). எல்லாம் ஒன்றரை அடிக் கன்றுகள், டிசம்பர் வரை நன்றாகத் துளிர்த்தன.

ஜனவரி முதல் வாரம் தொடர்ந்து நான்கு இரவு உறைபனி. காட்டுப்பூவரசு தாங்கிவிட்டது, நாவலில் 19 கருகிவிட்டன. நுனி இலைகள் முதலில் வெந்நீர் ஊற்றியது போல் துவண்டு, மூன்றே நாளில் கறுத்து, இப்போது விரல் பட்டாலே நொறுங்குகின்றன. ஆனால் அடித்தண்டை நகத்தால் கீறினால் உள்ளே இன்னும் பச்சை இருக்கிறது, அதனால்தான் விட மனசு வரவில்லை.

நட்ட இடம் மைதானத்துக்குக் கீழே பள்ளம், குளிர்காற்று அங்கேதான் தேங்குகிறது. முதலில் பாலிதீன் போர்த்தினோம், அது இலையில் ஒட்டிய இடமெல்லாம் இன்னும் மோசமானது. அப்புறம் நான்கு குச்சி நட்டுச் சாக்கு கட்டினோம், வேரைச் சுற்றிக் காய்ந்த புல் போட்டோம். புதிதாகக் கருகுவது குறைந்திருக்கிறது, ஆனால் கருகியவை அப்படியேதான் நிற்கின்றன.

மார்ச்சில் பொதுத்தேர்வு, முடிந்ததும் கிளம்பிவிடுவோம். அதற்குள் இவற்றைக் காப்பாற்றி பிளஸ் ஒன் தம்பிகளிடம் ஒப்படைக்க வேண்டும்.

மலையில் கன்று வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: கருகிய தண்டை இப்போதே பச்சை வரை வெட்டிவிடலாமா, இல்லை உறைபனிக் காலம் முடியும் வரை தொடாமல் விட வேண்டுமா?