காய்ச்சலோட போய் இறங்கின சென்னை

முதன்முதலா சென்னைக்குப் போனது போன மார்கழி. யாழ்ப்பாணம் பலாலி ஏர்போட்டில ஏறேக்க உடம்பு கொஞ்சம் அலுப்பாத்தான் இருந்தது, மீனம்பாக்கத்தில இறங்கேக்க நல்ல காய்ச்சல், கண் எரிவு, தலையிடி. கொரோனாக்குப் பிறகு 2022 டிசம்பரில பலாலி பிளேன் திரும்ப ஓடத் தொடங்கினது எங்கட சனத்துக்கு எவ்வளவு பெரிய உதவி எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சு, முந்தின மாதிரி இரவிரவா பஸ்ஸில கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குப் போயிருந்தா நான் பாதி வழியிலயே விழுந்திருப்பன்.

ஏர்போட்டிலயே மெட்ரோ இருக்கு. ஏசி குளிரில பல்லு அடிக்க அடிக்க இருந்தன், சின்னமலை தாண்ட ரயில் நிலத்துக்குக் கீழ போகுது, பிறகு ஒண்டும் தெரியேல்ல, ஸ்டேசன் பேர் சொல்லுறது மட்டும் காதில விழுகுது. அரசினர் தோட்டத்தில இறங்கி மேல வந்தா அண்ணா சாலை. அந்த ஹோன் சத்தம் மண்டைக்குள்ள உரல் இடிக்கிற மாதிரி இருந்தது. சுகமா இருக்கிற ஆளுக்கு அது வெறும் ட்ராபிக், எனக்கு றோட்டைக் கடக்கவே கால் வரேல்ல.

திருவல்லிக்கேணியில மலிவா லொட்ஜ் எடுக்கலாம் எண்டு சொல்லித்தான் அனுப்பினவை. முதல் லொட்ஜில மனுசன் ரூம் இருக்கு எண்டு திறப்பையும் எடுத்திட்டார், பாஸ்போட்டை நீட்டினோண்ண முகம் மாறிச்சு. "சிலோனா தம்பி? ஆதார் இருந்தாதான் குடுப்போம்." அடுத்ததிலயும் அதே கதை, அதுக்கடுத்ததில பாஸ்போட்டைத் திறந்து பாக்கவே இல்லை. பேந்துதான் காரணம் தெரிஞ்சுது. வெளிநாட்டு ஆள் தங்கினா 24 மணித்தியாலத்துக்குள்ள லொட்ஜ்காரர் குடிவரவுக்கு ஒன்லைனில விவரம் குடுக்கவேணும், சி ஃபோம் எண்டு சொல்லுவினம், சின்ன லொட்ஜ் கனக்க அதில பதிஞ்சிருக்காது. அவையில பிழை சொல்ல ஏலாது. ஆனா காய்ச்சலோட பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலா நிக்கேக்க, தமிழ் கதைக்கிற ஊரிலயே எனக்கு ஒரு கட்டில் இல்லையா எண்டு நெஞ்சு அடைச்சுப் போச்சு, உண்மையாச் சொல்லுறன்.

படியில குந்தியிருந்த என்னை ஒரு ஓட்டோக்கார அண்ணைதான் பாத்தவர். "என்னாச்சு சார், உடம்பு முடியலையா?" எண்டு கேட்டு நெத்தியில புறங்கையை வைச்சுப் பாத்தார். நேர டாக்டரிட்டத்தான் கொண்டுபோனார், கிளினிக் வாசலில நிண்டவர், முடிய பாஸ்போட்டுக்கு ரூம் குடுக்கிற இடத்தில விட்டிட்டு மீற்றர்க் காசை மட்டும் வாங்கினார். மேலதிகமா நீட்டின காசை என்ர சேட்டுப் பொக்கற்றிலயே திருப்பி வைச்சிட்டார்.

டாக்டர் வயசான அம்மா ஒராள். யாழ்ப்பாணம் எண்டோண்ண முதல் கேட்டது டெங்கு. எங்கட பக்கம் மாரி மழையோட டெங்கு கூடுறது அவவுக்குத் தெரிஞ்சிருந்தது. இரத்தம் எடுத்து டெங்கு இருக்கோ எண்டு என்எஸ்1 டெஸ்ட் பாத்தவை, இல்லை எண்டு வந்தது, பிளேட்லெட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல. இருந்தும் விடேல்ல. "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு ஊர் சுத்தக் கிளம்பாதீங்க, விடுற நேரந்தான் கவனமா இருக்கணும், வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், இதுல எது வந்தாலும் ஓடி வாங்க" எண்டவ. புரூஃபன், அஸ்பிரின் ஒண்டும் தொடக்கூடாது எண்டும் சொன்னவ.

மருந்துக்கடையில பனடோல் கேட்டா டோலோ 650 தருவினம். உள்ளுக்கு இருக்கிறது ஒண்டுதான், பரசிட்டமோல், ஆனா எங்கட பனடோல் 500, நாங்கள் இஞ்ச ரெண்டு ரெண்டா விழுங்கிப் பழகின ஆக்கள், அங்க ரெண்டு போட்டா 1300 ஆகிடும், ஒரு நாளைக்கு எல்லாமாச் சேர்த்து 4000 மில்லிகிராம் தாண்டக்கூடாது. எங்கட ஜீவனிக்கு (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) பதிலா அங்க ஓஆர்எஸ் பைக்கற் வாங்குங்கோ, உலக சுகாதார நிறுவன அளவு எண்டு போட்டிருக்கோணும், ஜூஸ் மாதிரிப் பெட்டியில வாறதில சீனி கூட. பெரிய பைக்கற் ஒரு லீட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, மாறிக் கரைச்சிடாதேங்கோ.

அந்த லொட்ஜில கூட்டிற அம்மாவை நான் மறக்கமாட்டன். கதவைத் தட்டி "சாப்டியா கண்ணு?" எண்டா, நான் இல்லையெண்டு தலையாட்ட, நீ கேரளாவா எண்டு கேட்டா, யாழ்ப்பாணம் எண்டோண்ண கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, "உங்க ஜனங்க எவ்ளோ கஷ்டப்பட்டீங்க" எண்டு மட்டும் சொல்லிட்டுப் போட்டா. பின்னேரம் சின்னத் தூக்குச்சட்டியில நொய்க்கஞ்சி கொண்டந்தா. முழு உள்ளிப்பல்லு குழைய வெந்து கிடக்கு, மூடியில நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. ரெண்டு நாளா ஒண்டும் இறங்காத தொண்டையில அது இறங்கிச்சு. அவவின்ர வீட்டு அடுப்பில, அவவின்ர காசில காய்ச்சினது.

விடியப்புறம் பார்த்தசாரதி கோயில் பக்கம் இருந்து திருப்பாவை கேக்கும். எங்கட ஊரில அதே மார்கழியில சங்கும் சேமக்கலமுமா திருவெம்பாவை பாடிக்கொண்டு வருவினம், வேட்டி நனைய ஒழுங்கையில நடந்த சின்ன வயசு ஞாபகம் வந்து அழுதிட்டன். காய்ச்சல் விட்டாப் பிறகு, டாக்டரைத் திரும்பக் காட்டி அவ சரியெண்டோண்ண, பக்கத்தில பாரதியார் கடைசிக் காலத்தில இருந்த வீட்டை மட்டும் போய்ப் பாத்தன். மெரினாவைக்கூடப் பாக்கேல்ல, அதுக்குக் கவலையும் இல்லை.

போற ஆக்கள் தயவுசெய்து புக் பண்ண முதல் போன் எடுத்து "ஸ்ரீலங்கா பாஸ்போட், ரூம் குடுப்பியளோ" எண்டு நேர கேளுங்கோ. வயசுபோன ஆக்களோட போறவை கட்டாயம் கேளுங்கோ. சித்திரையில அம்மாவை மதுரை, திருச்செந்தூர் கூட்டிக்கொண்டு போகோணும், அவவுக்கு பிரஷரும் சுகரும் இருக்கு, அந்தப் பக்கம் எங்கட பாஸ்போட்டை எடுக்கிற, கிட்டடியில டாக்டர் இருக்கிற இடம் ஆருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கோ.